ஒன்றரைப் பவுன் உயிரும் நூற்றாண்டுப் பொந்தும்



1966ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள், ஆஸ்திரேலிய நாடு பவுண்டு, ஷில்லிங் என்ற பழைய நாணயக் கணக்கைக் கைவிட்டு, டாலர், சென்ட் என்ற புதிய கணக்கிற்கு மாறியது. புதிய நாணயங்களின் ஒரு பக்கத்தில் அந்நாட்டு உயிரினங்களின் உருவங்களைப் பொறிப்பதென முடிவாயிற்று. ஸ்டூவர்ட் டெவ்லின் என்ற கலைஞர் அவற்றை வடிவமைத்தார். இருபது சென்ட்டில் பிளாட்டிபஸ் இடம்பெற்றது. ஐந்து சென்ட்டில் எக்கிட்னா என்னும் முள் எறும்புண்ணி இடம்பெற்றது. எல்லாவற்றிலும் மதிப்புக் குறைந்த ஒரு சென்ட் வெண்கலக் காசில் அமர்ந்தது, கட்டைவிரல் நீளமே உடல் கொண்ட, இறகு போன்ற வாலுடைய ஒரு சின்னஞ்சிறு உயிரினம். 1992ஆம் ஆண்டு முதல் அக்காசு திரும்பப் பெறப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய பெட்டிகளில் இன்றும் அது அகப்படுவதுண்டு.

அந்தக் காசு ஒன்றின் எடை 2.6 கிராம். அத்தகைய காசுகள் நான்கைந்தைச் சேர்த்து எடைபோட்டால் வருவதே அதில் பொறிக்கப்பட்ட உயிரினத்தின் முழு எடை. நம் இல்லத்துப் பெண்கள் அறிந்த கணக்கில் சொன்னால் ஒன்றரைப் பவுன்! அவ்வளவே எடையுள்ள ஒன்று காட்டில் வீடு கட்டுகிறது. குளிரிலிருந்தும் ஆந்தையிடமிருந்தும் உடும்பிடமிருந்தும் தன் குடும்பத்தைக் காத்துக்கொள்கிறது. அது எவ்வாறு என்பதையும், அதன் கைக்கு எட்டாத ஒரு பொருளை அதன் வீடு நம்பியிருக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

குள்ளக் கழைக்கூத்தாடி

இதனை ஆங்கிலேயர் ‘ஃபெதர்டெய்ல் கிளைடர்’ என்று அழைக்கின்றனர். நாம் ‘இறகுவால் கிளைடர்’ என்போம். அறிவியலார் இதற்கு இட்ட பெயர் ‘அக்ரோபேட்டஸ் பிக்மேயஸ்’ என்பதாகும். குள்ளக் கழைக்கூத்தாடி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் இதனை இரண்டு இனங்களாகப் பிரித்துக் கூறுகின்றனர். நம் பேச்சுக்கு அந்த வேறுபாடு தேவையில்லை.

இது எலியன்று, அணிலுமன்று. கங்காருவைப் போன்று வயிற்றுப் பையில் குட்டியை வைத்து வளர்க்கும் பைம்மா இனத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக் காடுகளே இதன் தாயகம். உடல் ஆறரை முதல் எட்டு சென்டிமீட்டர் வரை; வாலும் ஏறக்குறைய அதே நீளம். வாலின் இரு பக்கங்களிலும் விறைப்பான முடிகள் வரிசையாக நிற்பதால் அது பறவையின் இறகைப் போன்று தோன்றுகிறது.

“அதற்குச் சிறகு உண்டா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். சிறகு இல்லை. முன்னங்காலின் முழங்கைக்கும் பின்னங்காலின் முழங்காலுக்கும் இடையே, விலாவின் ஓரமாக ஒரு மெல்லிய தோல்மடிப்பு இருக்கிறது. உயரமான கிளையிலிருந்து தாவி, நான்கு கால்களையும் விரிக்கும்போது அத்தோல் பாய்போல் விரிகிறது. காற்றில் சறுக்கியவாறே 28 மீட்டர் தொலைவு வரை சென்று மற்றொரு மரத்தில் அது ஒட்டிக்கொள்ளும். வால் படகின் சுக்கானைப் போன்று திசை காட்டும். வௌவாலைப்போல் மேலெழும்பிப் பறக்க இதனால் இயலாது. உயரத்திலிருந்து தாழ்வை நோக்கிச் சறுக்க மட்டுமே இயலும். இவ்வாறு சறுக்கிச் செல்லும் பாலூட்டிகள் யாவற்றிலும் இதுவே மிகச் சிறியது. நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் பறக்கும் அணிலும் இதே வித்தையைச் செய்கிறது. எனினும் இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையவை அல்ல.

இதன் விரல் நுனிகளில் நுண்ணிய வரிகள் அமைந்த மெத்தை போன்ற பகுதிகள் உள்ளன. அவற்றில் கசியும் ஈரமும் சேர்ந்து பிடிப்பைத் தருகின்றன. செங்குத்தாக நிற்கும் கண்ணாடிப் பலகையில்கூட இது ஏறிவிடும்! பூந்தேன், மகரந்தம், சிறு பூச்சிகள் ஆகியவையே உணவு. தேனை நக்குவதற்கென்றே நாக்கின் முனை தூரிகைபோல் அமைந்திருக்கிறது. இரவெல்லாம் உணவு தேடிவிட்டு, பொழுது விடியுமுன் வீடு திரும்பிவிடும்.

அந்த வீடு எங்கே இருக்கிறது?

பொந்தைத் தோண்டியவர் யார்?

முதிர்ந்த யூகலிப்டஸ் மரத்தின் பொந்துக்குள் இருக்கிறது. யூகலிப்டஸ் என்றால் நாம் தைல மரம் என்று சொல்வதுதான். நம் நாட்டில் தைல மரத்தை நட்டு, சில ஆண்டுகளிலேயே வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுகிறோம். ஆதலால் அம்மரம் மெலிந்து நேராக நிற்கும் ஒன்றாகவே நமக்குப் பழக்கம். அதன் தாயகத்திலோ முந்நூறு, நானூறு ஆண்டுகள் வாழ்ந்து, நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் உண்டு. பொந்து இருப்பது அத்தகைய கிழ மரங்களில்தான்.

நம் ஊரில் மரத்தில் ஒரு துளையைக் கண்டால், ‘மரங்கொத்தி கொத்தியது’ என்போம். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போன பொந்தில் கிளியும் மைனாவும் குடியேறுவதைப் பார்க்கிறோம். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தி என்ற பறவையே கிடையாது! அவ்வாறாயின் பொந்தைத் தோண்டித் தருவது யார்? இக்கேள்விக்குரிய விடையில்தான் நம் கதையின் மையம் இருக்கிறது.

ஒரு நாள் புயலில் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுகிறது. முறிந்த இடத்தில் மரத்தின் உட்கட்டை வெளியே தெரிகிறது. மழை நீர் இறங்க, அவ்விடத்தில் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை மென்மையாக்கிய கட்டையைக் கறையான் அரிக்கிறது. சில நேரங்களில் காட்டுத் தீ அடிமரத்தைச் சுட்டுக் குடைந்துவிடுகிறது. உள்ளே இவ்வளவு நடந்தாலும் மரம் சாவதில்லை. நீரையும் சத்தையும் மேலே கொண்டு செல்லும் உயிருள்ள பகுதி பட்டையை ஒட்டிய வெளி வளையத்திலேயே இருப்பதால், நடுப்பகுதி வெறுமையாகியும் மரம் இலையும் பூவுமாக நிற்கும். இவ்வாறு உள்ளே உளுத்து, வெளியே வாழ்ந்து, ஒரு சிறு விலங்கு குடியிருக்கத் தக்க பொந்து உருவாவதற்கு நூறு முதல் நூற்றைம்பது ஆண்டுகள் வரை ஆகின்றன. பெரிய ஆந்தையோ கிளியோ தங்கும் பொந்துக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் தேவைப்படும்.

பிலிப் கிப்பன்ஸ், டேவிட் லிண்டன்மேயர் என்னும் இரு அறிஞர்கள் 2002ஆம் ஆண்டு மரப்பொந்துகளைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ முந்நூறு வகை முதுகெலும்புள்ள உயிரினங்கள் மரப்பொந்துகளைப் பயன்படுத்துவதாக அவர்கள் கணக்கிட்டுள்ளனர். பொந்து ஒன்று, அதற்குப் போட்டியிடுவோர் பலர்.

பொந்தின் சிறப்பு அதன் சுவரில் இருக்கிறது. உயிருள்ள மரத்தின் தடித்த சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. இரவுக் குளிரையும் உடனே விடுவதில்லை. பழைய மண் சுவர் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இலைப் பந்து

இனி உள்ளே நடக்கும் வேலையைப் பார்ப்போம். பொந்து கிடைத்துவிட்டது என்பதற்காக இறகுவால் கிளைடர் வெறுங்கட்டையில் படுத்துக்கொள்வதில்லை. பொந்துக்குள்ளே தனக்கென ஒரு கூட்டை அமைக்கிறது. யூகலிப்டஸ் இலைகள், மரப்பட்டையின் நார், சில இடங்களில் பெரணி இலைகள் ஆகியவற்றைக் கொண்டுவந்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கி, உருண்டையான பந்து ஒன்றை உருவாக்கிவிடுகிறது. பந்தின் நடுவே உடல் அடங்கும் அளவுக்கு இடம் இருக்கும். ஆக, வீட்டுக்குள் வீடு! வெளியே மரச்சுவர், உள்ளே இலைச்சுவர், இரண்டுக்கும் இடையே அசையாத காற்று.

இவ்வளவு சிரமம் எதற்கு? சிறிய உடலுக்கு ஒரு பெரிய தொல்லை உண்டு. பெரிய அண்டாவில் இருக்கும் கஞ்சி நெடுநேரம் சூடாக இருக்கும். சிறு கிண்ணத்தில் ஊற்றிய கஞ்சி விரைவில் ஆறிவிடும். எடைக்கு ஒப்பிட மேற்பரப்பு மிகுதியாக இருப்பதே அதன் காரணம். பன்னிரண்டு கிராம் உடல் என்பது அந்தக் கிண்ணத்தைவிட எத்தனையோ மடங்கு சிறியது. அது இழக்கும் ஒவ்வொரு துளி வெப்பத்தையும் தேனாகவோ பூச்சியாகவோ மீண்டும் தேடித் தின்றாக வேண்டும். கூடு நன்றாக இருந்தால் தேட வேண்டிய உணவு குறையும். ஆகவே இலைப் பந்து அதற்கு ஆடம்பரமன்று. உணவுக் கையிருப்பைப் போன்றது.

இலை சுமக்கும் முறையைக் கூறுவதற்கு இதன் பெரிய உறவினரிடம் செல்ல வேண்டும். ‘சுகர் கிளைடர்’ என்பது ஏறக்குறைய நூறு முதல் நூற்றைம்பது கிராம் எடையுள்ள மற்றொரு சறுக்கும் பைம்மா. (2020ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் இதனை மூன்று இனங்களாகப் பிரித்தனர், பழைய பொதுப் பெயரையே இங்கு வைத்துக்கொள்வோம்.) கூடு கட்டும் காலத்தில் இது பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்குகிறது. இலைகளைக் கடித்தெடுத்து முன்னங்கைகளுக்கு மாற்றுகிறது. கைகளிலிருந்து பின்னங்கால்களுக்கு மாற்றுகிறது. அங்கிருந்து வாலுக்கு மாற்றுகிறது. வால் இலைகளைச் சுற்றி வளையமாக இறுகிக்கொள்கிறது. விறகுக் கட்டைக் கயிற்றால் கட்டுவதுபோல! அக்கட்டைச் சுமந்தவாறு கிளை வழியாக ஓடிப் பொந்தை அடைகிறது. வால் சுமையில் இருக்கும்போது திசை காட்டும் வேலையை அது செய்ய இயலாது. ஆகவே பொதுவாக அந்நேரத்தில் பாய்ந்து சறுக்குவதில்லை, நடந்தே செல்கிறது. வீட்டு வேலை நடக்கும்போது வித்தை காட்ட முடியாது போலும்.

வாசலே முதல் காவல்

காவல் என்றவுடன் பல்லும் நகமும் நினைவுக்கு வரும. இறகுவால் கிளைடருக்குப் பகைவரை எதிர்க்கும் பல்லுமில்லை, நகமுமில்லை. ஆந்தை, கூக்கபரா என்னும் பெரிய மீன்கொத்தி, உடும்பு, பாம்பு, மனிதன் கொண்டுவந்து விட்ட பூனை, நரி ஆகிய அனைத்துக்கும் அது ஒரு வாய் உணவு. எனவே அதன் காவல் வேறு வகையில் அமைந்திருக்கிறது.

முதலாவது, வாசல். தான் நுழைந்தால் போதும் என்ற அளவுக்குக் குறுகிய வாசலுள்ள பொந்தையே அது நாடுகிறது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலமே போதுமானது. ஆந்தையின் கால் அதில் நுழையாது. உடும்பின் தலை நுழையாது. தன்னைவிடப் பெரிய பைம்மாக்கள் வந்து வீட்டைப் பறித்துக்கொள்ளவும் இயலாது. பெரிய வாசலும் விசாலமான கூடமும் இருந்தால்தான் நல்ல வீடு என்று எண்ணும் நமக்கு இது சற்று விந்தையாகத் தோன்றலாம். எனினும் மெலிந்த பாம்பை எந்தக் குறுகிய வாசலும் தடுத்துவிடாது. அதனால்தானோ என்னவோ, இது ஒரே கூட்டை நம்பியிருப்பதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளை வைத்துக்கொண்டு மாறி மாறித் தங்குகிறது.

இரண்டாவது, கூட்டம். ஒரு கூட்டில் இரண்டு முதல் ஐந்து வரை தங்குவது வழக்கம். இருபதுக்கும் மேற்பட்டவை ஒரே கூட்டில் நெருங்கி உறங்கக் கண்டதுமுண்டு. ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு பந்தாகச் சுருளும்போது, தனித்தனிக் கிண்ணங்கள் ஒரு பானையாக மாறிவிடுகின்றன. வெப்ப இழப்பு வெகுவாகக் குறைகிறது. யாருக்கு யார் உறவு என்ற கணக்கை இவை மிகக் கடுமையாகப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

சுகர் கிளைடரின் வழக்கம் அதற்கு நேர்மாறானது. அங்கே வீட்டுக்கு உரியவர், அயலார் என்ற பிரிவு கடுமையாகப் பேணப்படுகிறது. ஏழு வரையிலான முதிர்ந்த விலங்குகளும் அவ்வாண்டுக் குட்டிகளும் சேர்ந்தது ஒரு குடும்பம். தலைமை ஆணின் நெற்றியிலும் மார்பிலும் மணச்சுரப்பிகள் உள்ளன. அது தன் நெற்றியை மற்றவற்றின் உடலில் தேய்த்துத் தன் மணத்தைப் பூசுகிறது. நாளடைவில் குடும்பம் முழுவதற்கும், கூட்டின் இலைகளுக்கும் ஒரே மணம் வந்துவிடுகிறது. அந்த மணமே அவர்களின் குடும்ப அட்டை. அம்மணம் இல்லாத ஒன்று வாசலில் தலைகாட்டினால் எல்லாம் சேர்ந்து விரட்டியடிக்கும். இருளில் ஆபத்து தென்பட்டால் சிறு நாய் குரைப்பது போன்ற ஒலியைத் தொடர்ந்து எழுப்பும்.

மூன்றாவது காவல்தான் எனக்கு மிகுந்த வியப்பைத் தந்தது. கடுங்குளிரும் உணவுப் பஞ்சமும் சேரும் நாட்களில் இறகுவால் கிளைடர் வெளியே செல்வதையே நிறுத்திவிடுகிறது. கூட்டுக்குள் சுருண்டு, காதுகளை மடித்துக்கொண்டு, உடலின் இயக்கத்தையே தாழ்த்திவிடுகிறது. இது வழக்கமான உறக்கமன்று. இதனை ஆழ்துயில் எனலாம். அந்நிலையில் உடல் வெப்பம் 2 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியதை ஆய்வாளர்கள் அளந்திருக்கின்றனர். தண்ணீர் உறையும் நிலைக்கு இரண்டே டிகிரி மேல்! தொடர்ந்து ஐந்து நாட்கள் வரை இந்நிலையில் கிடந்துவிட்டு, பின்பு தன் உடலைத் தானே சூடேற்றிக்கொண்டு எழுந்து தேன் தேடப் போகிறது.

நம் வீட்டில் வருமானம் குறைந்தால் அடுப்பைச் சிறிதாக எரிக்கிறோம். இது அடுப்பை அணையும் தறுவாய்க்குக் கொண்டுபோய்விட்டு மீண்டும் மூட்டுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆழ்துயிலில் கிடக்கும் ஒன்றால் உடனே எழுந்து ஓட முடியாது. யாரேனும் கையில் எடுத்தால்கூட அசையாமல் கிடக்கும். அந்நேரத்தில் அதற்குப் பொந்தின் சுவரையும் குறுகிய வாசலையும் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. அதாவது, பொந்து நல்லதாக இருந்தால்தான் ஆழ்துயில் காவல். இல்லையேல் அதுவே ஆபத்து. சுகர் கிளைடர் வழக்கமாக இத்துயிலை அரிதாகவே மேற்கொள்ளும். ஆனால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கடற்கரையில் கடும் புயலும் மழையும் வீசிய இரவில் அவற்றில் பல கூட்டிலேயே தங்கி ஆழ்துயிலில் கிடந்து புயலைக் கடத்தின என்பதை 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

தாயும் குட்டிகளும்

பிறக்கும் குட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவே இருக்கும். கண் திறவாத, முடி முளைக்காத அந்தச் சிறு உயிர் தானே ஊர்ந்து தாயின் பைக்குள் சென்று காம்பைப் பற்றிக்கொள்கிறது. பைக்குள் நான்கு காம்புகள் உண்டு. பெரும்பாலும் இரண்டு, மூன்று குட்டிகளே வளர்ந்து வெளிவருகின்றன. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் பையே அவற்றின் வீடு. அதன்பின் பை கொள்ளாது. தாய் அவற்றை இலைக் கூட்டில் விட்டுவிட்டு இரை தேடச் செல்கிறது, வந்து பாலூட்டுகிறது. பிறந்து நூறு நாட்கள் ஆகும் வரை பால் குடி நீடிக்கிறது. இந்த நாற்பது நாள் இடைவெளியில்தான் கூட்டின் பாதுகாப்பு குட்டிகளுக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிறது. தாய் வெளியே, குட்டிகள் உள்ளே, நடுவில் ஒரு குறுகிய வாசல்.

முதல் குட்டிகளை வளர்க்கும்போதே தாயின் வயிற்றில் அடுத்த கரு தங்கிவிடுவதுண்டு. அக்கரு வளராமல் அப்படியே நின்று காத்திருக்கும். மூத்தவை பால் மறந்த பின்னரே அது வளரத் தொடங்குகிறது.

பொந்து கிடைக்காதபோது

இறகுவால் கிளைடர் கிடைத்த இடத்தில் குடியேறத் தயங்குவதில்லை. பறவைகள் கைவிட்ட கூட்டிலும், வேறொரு பைம்மா சுள்ளிகளால் கட்டிவைத்த கூட்டிலும் தன் இலைப் பந்தை அமைத்துவிடும். வாழைத் தோட்டங்களில் தாரைப் பாதுகாக்கப் பிளாஸ்டிக் உறை மாட்டுவார்கள் அல்லவா? அந்த உறைக்குள்ளும் இதன் கூடு காணப்பட்டிருக்கிறது. சாலையோரத் தொலைபேசி இணைப்புப் பெட்டிக்குள்ளும் கண்டெடுத்திருக்கின்றனர். கம்பிகளுக்கு நடுவே யூகலிப்டஸ் இலைகளால் ஒரு பந்து! அதைத் திறந்த ஊழியரின் முகத்தை நினைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இச்செய்தியைப் படிப்போர், ‘அவ்வாறாயின் பொந்து இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளுமே’ என்று எண்ணக்கூடும். ஓரளவு உண்மை. இறகுவால் கிளைடர் இன்றும் பரவலாகவே வாழ்கிறது. ஆயினும் வாழைத்தார் உறை சில வாரங்களில் அகற்றப்பட்டுவிடும்; மெல்லிய பிளாஸ்டிக் சுவருக்குக் குளிரைத் தடுக்கும் ஆற்றலும் இல்லை. ஐந்து நாள் ஆழ்துயிலுக்கு அது இடமாகாது. மேலும் பொந்தை விட்டால் வேறு வழியே இல்லாத உயிரினங்கள் பல இருக்கின்றன.

இன்றைய நிலை என்ன? ஐரோப்பியர் குடியேறிய நாள் முதல் விளைநிலத்துக்காகவும் மரத்துக்காகவும் கிழ மரங்கள் வெட்டப்பட்டு வந்தன. பட்டுப்போன மரத்திலும் பொந்து இருக்கும். அதுவோ விறகாகிப் போகிறது. பொந்துள்ள மரங்களின் அழிவையே உயிரினங்களுக்கு ஓர் அச்சுறுத்தலாக நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2007ஆம் ஆண்டு சட்டப்படி பட்டியலிட்டது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020இன் தொடக்கத்திலும் எரிந்த தீ நாடெங்கும் 2 கோடியே 40 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தைச் சுட்டது. தீ புதிய பொந்துகளுக்கு வித்திடவும் செய்யும். ஏற்கெனவே உள்ளீடற்ற கிழ மரங்களை அடியோடு சாய்க்கவும் செய்யும். சாய்ந்தது இன்றே தெரியும். வித்திட்டது தெரிய நம் பேரப்பிள்ளைகளின் காலம் ஆகும். விக்டோரியா மாநிலம் தன் அரசு நிலங்களிலுள்ள இயற்கைக் காடுகளில் மரம் வெட்டும் தொழிலை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்திக்கொண்டது.

எஞ்சிய பொந்துகளுக்கும் புதிய போட்டியாளர்கள் வந்துவிட்டனர். ஐரோப்பியத் தேனீக்கள் காட்டில் பரவிப் பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. மற்றொருவர் நமக்கு மிகவும் வேண்டியவர்: நம் வீட்டு முற்றத்தில் நடந்து திரியும் மைனா! பயிர்ப் பூச்சிகளைத் தின்னும் என்று நம்பி 1860களில் இப்பறவையை மெல்போர்ன் நகரில் கொண்டுபோய் விட்டார்கள். இங்கே மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தில் அடக்கமாகக் குடியிருக்கும் அதே மைனா, அங்கே கிளிகளையும் சிறு பைம்மாக்களையும் பொந்திலிருந்து விரட்டும் முரடனாக அறியப்படுகிறது.

இடம் மாறினால்

மைனாவை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. சுகர் கிளைடருக்கும் இதே கதை உண்டு. டாஸ்மேனியா என்பது ஆஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள பெருந்தீவு. சுகர் கிளைடர் அத்தீவுக்கு உரியதன்று. 1830களில் மனிதர்கள் அதனை அங்கு கொண்டு சென்றனர். அத்தீவில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் ஒரு கிளி இருக்கிறது. ‘ஸ்விஃப்ட் பேரட்’ என்பது அதன் பெயர். அதுவும் பொந்தில்தான் முட்டையிடும். இரவில் பொந்துக்குள் நுழையும் சுகர் கிளைடர் முட்டைகளையும் குஞ்சுகளையும், அடைகாக்கும் தாய்க் கிளியையும்கூடக் கொன்று தின்பதை 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வு வெளிப்படுத்தியது. சுகர் கிளைடர் இல்லாத புரூனி தீவில் கூடுகள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தன. அக்கிளி இன்று அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது.

தன் வீட்டை மணத்தால் காக்கும் அதே உயிரினம் இன்னொருவர் வீட்டில் கொலை செய்கிறது. இதில் கிளைடரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனமில்லை. அதனைக் கப்பலில் ஏற்றியவர் வேறு.

இதற்கு ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். கிளிக்கெனத் தொங்கவிட்ட கூட்டுப் பெட்டியில் ஒரு சிறு கதவு பொருத்தினார்கள். வெளிச்சம் மங்கியதும் அக்கதவு தானே மூடிக்கொள்ளும். விடிந்ததும் தானே திறந்துகொள்ளும். பகலில் நடமாடும் கிளிக்கு வழி உண்டு. இரவில் வரும் கிளைடருக்கு வழி இல்லை.

பெட்டியும் மரமும்

பொந்து குறைந்த காடுகளில் மரப் பெட்டிகளைத் தொங்கவிடும் பணியைப் பல இடங்களில் பொதுமக்களும் ஆய்வாளர்களும் மேற்கொண்டு வருகின்றனர். இறகுவால் கிளைடருக்கெனச் செய்யப்படும் பெட்டியில் துளை இரண்டு விரல் நுழையும் அளவே இருக்கும். அதைவிடப் பெரிதானால் வேறு யாரேனும் குடியேறிவிடுவர். சில காலம் கழித்து மூடியைத் திறந்து பார்க்கும்போது, உள்ளே இலைகள் பந்தாக அடுக்கப்பட்டிருந்தால் குடி வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் பலகைச் சுவர் மரச்சுவர் ஆகாது. கோடையில் மெல்லிய பலகைப் பெட்டியின் உள்ளே வெப்பம் 40 டிகிரியையும் கடந்துவிடும். குளிர் இரவில் வெளியிலுள்ள குளிரே உள்ளும் இருக்கும். இக்குறையைக் கண்டு, உயிருள்ள மரத்திலேயே இயந்திர ரம்பத்தால் பொந்தைக் குடைந்து, முகப்பில் ஒரு பலகையை மூடி, சிறு துளை விடும் முறையையும் சோதித்து வருகின்றனர். அதில் வெப்பநிலை இயற்கைப் பொந்தை ஒத்திருக்கிறது. எனினும் அதற்கும் பருத்த மரம் வேண்டும்.

கன்று நடுவோரும் இருக்கின்றனர். இன்று நடும் யூகலிப்டஸ் கன்றில், ஒன்றரைப் பவுன் எடையுள்ள அந்த உயிர் குடியிருக்கத் தக்க பொந்து அமைய 2130ஆம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஒரு பலகைப் பெட்டி வெயிலிலும் மழையிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அதுவரை அக்கன்றின் அருகே நிற்கும் ஏதோ ஒரு மரத்தில் பத்துப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கி, உளுத்து, மாற்றப்பட்டாக வேண்டும். முதல் பெட்டியை மாட்டியவர் இரண்டாவதையோ மூன்றாவதையோ மாட்ட இருப்பார். மீதியை மாட்ட வேண்டியவர்கள் இன்னும் பிறக்கவில்லை.